பெர்லினுக்குப் போக மறுத்த வியன்னா நீச்சல் வீராங்கனைகள், 1936: ஒரு நிகழ்வு ஆய்வு

1936 கோடையில் ஆஸ்திரிய ஒலிம்பிக் அணிக்குத் தேர்வாகியிருந்த மூன்று யூத வீராங்கனைகள் பெர்லின் போட்டிக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மூவரும் வியன்னாவின் ஹக்கோவா என்ற யூத விளையாட்டுக் கழகத்துக்காக நீந்தியவர்கள். யாருக்கும் இருபது வயது ஆகவில்லை. ஆஸ்திரிய நீச்சல் சம்மேளனம் அவர்களுக்குத் தடை விதித்தது, பட்டங்களையும் பறித்தது. அந்தப் பட்டங்கள் திரும்பி வர 1995 வரை ஆனது.

மூவரில் முதலாமவரை, அதாவது அப்போது நாட்டின் முதன்மை வீராங்கனையாக இருந்தவரை, இந்த ஆய்வு முக்கியமாகப் பின்தொடர்கிறது. மற்ற இருவர் தேவைப்படும் இடங்களில் வருவார்கள். மூவருக்கும் இங்கே பெயர் சொல்லவில்லை. இதைப் பொதுவாக ஒரு வீரக்கதையாகத்தான் சொல்வார்கள். வீரம் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் படிக்க வேண்டிய பாடம் வேறு இடத்தில் இருக்கிறது: போகாததற்காகவா தண்டித்தார்கள், அல்லது ஏன் போகவில்லை என்று எழுதிக் கொடுத்ததற்காகவா?

பின்னணி: தனிக் கழகம் எதற்கு?

முதல் உலகப் போருக்குப் பிறகான வியன்னாவில் ஏறத்தாழ இரண்டு லட்சம் யூதர்கள் இருந்தார்கள். நகரத்தில் பத்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இருந்தும் பல விளையாட்டுச் சங்கங்களின் விதிகளில் ‘ஆரியர் விதி’ என்ற ஒன்று இருந்தது. யூதர் உறுப்பினராக முடியாது, அவ்வளவுதான். ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு வெகு முன்னாலேயே இருந்த வழக்கம் இது. ஜெர்மன்–ஆஸ்திரிய மலையேற்றச் சங்கம், யூதர்கள் நிறைந்த தன் டோனாவ்லாண்ட் கிளையை 1924-ல் மொத்தமாக வெளியேற்றியது.

ஹக்கோவா 1909-ல் தொடங்கியதற்கு இதுதான் காரணம். எபிரேயத்தில் அந்தப் பெயருக்கு ‘வலிமை’ என்று பொருள். யூதர்கள் உடற்பயிற்சியில் இறங்க வேண்டும் என்று யூதத் தேசிய இயக்கத் தலைவர்களில் ஒருவரான மாக்ஸ் நோர்டாவ் 1898-லேயே பேசியிருந்தார். அந்தப் பேச்சின் தாக்கம் கழகத்தில் இருந்தது. நிறுவியவர்களில் ஒருவர் ஃபிரிட்ஸ் லோனர்-பேடா, வியன்னாவின் ஓப்பரெட்டா என்ற இசை நாடகங்களுக்குப் பாட்டு எழுதியவர். கழகத்தின் கால்பந்து அணி 1924–25-ல் ஆஸ்திரிய லீக்கையே வென்றது. மல்யுத்தம், ஹாக்கி, தடகளம் என்று எல்லாம் இருந்தாலும், பெண்கள் பெரிதாகப் பெயர் வாங்கியது நீச்சலில்தான்.

1927-ல் இத்தாலியின் போலோன்யாவில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் ஹக்கோவா பெண்கள் இரண்டு வெண்கலம் வாங்கினார்கள். ஒன்று 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில், மற்றொன்று 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில். உள்ளூரில் இதைவிடப் பெரிய மேடை டான்யூப் கால்வாய்ப் போட்டி. நகரத்துக்குள்ளேயே ஓடும் கால்வாயில் கிலோமீட்டர் கணக்கில் நீந்த வேண்டும். இரண்டு கரையிலும், பாலங்களின் மேலும் ஜனம் நிற்கும். நீச்சல் உடையின் மார்பில் யூதர்களின் அடையாளமான தாவீதின் நட்சத்திரம் தைத்த ஒரு பெண் அந்தக் கூட்டத்துக்கு நடுவே முதலாவதாக வந்து கரையேறுவாள். வீதியில் யூதர்கள் அடி வாங்குவது புதிதல்லாத ஊர் அது. அங்கே இந்தக் காட்சி என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு நீந்தக் கற்ற பெண்கள் அல்ல இவர்கள். பின்னால் எடுத்த முடிவைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

சம்மேளனத்தைப் பற்றியும் ஒரு தகவல் உண்டு. 1914 முதல் 1932 வரை ஆஸ்திரிய நீச்சல் சம்மேளனத்தின் தலைவராக இருந்த ஓட்டோ ஹெர்ஷ்மன் ஒரு யூதர். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் வெள்ளியும், 1912-ல் வாள்வீச்சு அணியில் இன்னொரு வெள்ளியும் வாங்கியவர். அவர் பதவியை விட்டு நான்கு ஆண்டுகளுக்குள் அதே சம்மேளனம் மூன்று யூதப் பெண்களைத் தண்டித்தது. ஓர் அமைப்பின் மேலே யார் உட்கார்ந்திருந்தார் என்பதை வைத்து அந்த அமைப்பின் குணத்தை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதல் வீராங்கனை

1918-ல் வியன்னாவில் பிறந்தவர். வீட்டில் பெண்பிள்ளைகள் எல்லோரும் நீந்தினார்கள். 1935-க்குள் நடுத்தர, நெடுந்தூர ஃப்ரீஸ்டைலில் ஆஸ்திரியப் பெண்கள் சாதனை என்று இருந்தவை எல்லாம் அவர் பெயரில் இருந்தன. அந்த ஒரே ஆண்டில் அவர் முறியடித்த தேசிய சாதனைகள் பன்னிரண்டு. 1935-ன் தலைசிறந்த ஆஸ்திரிய விளையாட்டு வீரர்களுள் ஒருவராக அரசின் தங்கப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. 1936 கோடையில் அவருக்குப் பதினேழு வயது.

மற்ற இருவரில் ஒருவருக்குப் பதினைந்துதான். பள்ளிப் பெண், ஆனால் பதினான்கு வயதிலேயே 100, 400 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தேசிய சாதனை படைத்திருந்தார். மூன்றாமவரும் தேசிய அணிக்குத் தகுதி பெற்றவர்.

அந்தக் கோடையில் கண்முன் இருந்தவை

பெர்லினில் யூதர்களுக்கு என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. 1933 ஜூனில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கூடியது வியன்னாவில்தான். ஜெர்மன் அணியிலிருந்து யூதர்களைக் கொள்கையளவில் ஒதுக்க மாட்டோம் என்று ஜெர்மனி வாக்குக் கொடுத்தது அந்தக் கூட்டத்தில்தான். 1935 செப்டம்பரில் நியூரம்பெர்க் சட்டங்கள் வந்து யூதர்களின் குடியுரிமையை எடுத்துவிட்டன. குடிமகனே இல்லாதவன் அணியில் மட்டும் எப்படி இருப்பான்? அந்த வாக்கின் மதிப்பு அதோடு தெரிந்துவிட்டது. யூத விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பான உலக மக்காபி சங்கம், யூத வீரர்கள் யாரும் பெர்லினுக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது.

ஆஸ்திரியாவுக்குள் நிலைமை வேறு மாதிரி சிக்கல். நாட்டின் தலைமை அமைச்சர் ஷுஷ்னிக்கின் அரசு, நாஜிக் கட்சி மீதான தடையைத் தொடர்ந்து வைத்திருந்த அரசு. ஆனாலும் 1936 ஜூலை 11-ல் ஹிட்லரோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. சுதந்திரத்தை ஜெர்மனி மதிக்கும், பதிலுக்கு ஆஸ்திரியா தன்னை ஒரு ஜெர்மானிய நாடாகக் காட்டிக்கொள்ளும் என்பது அதன் சாரம். ஒலிம்பிக் தொடங்க மூன்றே வாரம்தான் இருந்தது. பெர்லினோடு சுமுகமாகப் போவது அரசின் கொள்கையாகவே ஆகிவிட்ட நேரம். இந்தச் சூழலை விட்டுவிட்டுச் சம்மேளனத்தின் கோபத்தை மட்டும் பார்த்தால் அது வெறும் முரட்டுத்தனமாகத் தெரியும்.

எடுத்த முடிவு

அவர்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. போய் நீந்தலாம். உடம்பு சரியில்லை, தோளில் வலி என்று சொல்லி ஒதுங்கலாம். காரணத்தைச் சொல்லியே மறுக்கலாம்.

முதல் வழியில் போனவர்களும் உண்டு, அவர்களை எளிதாகக் குறை சொல்ல முடியாது. ஆஸ்திரியாவின் ராபர்ட் ஃபைன் யூதர். பெர்லினுக்குப் போனார், பளுதூக்குதலில் எகிப்திய வீரரோடு தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார். ஜெர்மனிக்காக வாள் வீசிய ஹெலேன மாயரின் தந்தை யூதர். அவர் வெள்ளி வாங்கினார். போக விரும்பியும் முடியாமல் போனவர்களும் உண்டு. உயரம் தாண்டும் கிரேட்டல் பெர்க்மன் 1936 ஜூனில் 1.60 மீட்டர் தாண்டி ஜெர்மன் தேசிய சாதனையைச் சமன் செய்தார். போட்டிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அமெரிக்கா போட்டியைப் புறக்கணிக்காமல் இருக்கத்தான் அவரைப் பயிற்சியில் வைத்திருந்தார்கள் என்பது பின்னால் வெளிப்படையானது.

இரண்டாவது வழிதான் பாதுகாப்பானது. சத்தியமாகச் சொன்னால், பெரும்பாலானவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். ஒரு மருத்துவச் சான்று போதும். பட்டமும் தப்பும், அடுத்த பருவத்தில் வழக்கம்போல நீந்தலாம், சம்மேளனமும் நிம்மதியாக வேறொருவரை அனுப்பும். யாருக்கும் தர்மசங்கடம் இல்லை.

முதல் வீராங்கனை மூன்றாவதை எடுத்தார். தன் மக்களை இவ்வளவு வெட்கமின்றி வதைக்கும் நாட்டில் நடக்கும் போட்டியில் நான் பங்கேற்க மாட்டேன் என்ற பொருளில் எழுதிக் கொடுத்தார். மற்ற இருவரும் அதே நிலையில் நின்றார்கள். ஜெர்மானியர் யாரையும் பகைக்கவில்லை, ஒலிம்பிக்கையும் எதிர்க்கவில்லை. அவர்கள் எதிர்த்தது அது நடக்கும் இடத்தை.

ஏன் அப்படி? மக்காபியின் வேண்டுகோள் ஒரு காரணம். கழகத்தின் சூழல் இன்னொன்று: நட்சத்திரத்தை மார்பில் போட்டு நீந்திப் பழகியவருக்கு, இல்லாத தோள்வலியைச் சொல்லி ஒதுங்குவது கழகம் கற்றுக்கொடுத்த எல்லாவற்றுக்கும் எதிரானது. வயதையும் சேர்த்துக்கொள்ளலாம். பதினேழில் ஒருவருக்குப் பொய்க்காரணம் சொல்லத் தோன்றாது, முப்பதில் தோன்றும். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

சம்மேளனம் செய்தது

சம்மேளனம் மூவருக்கும் தடை போட்டது. முதல் வீராங்கனைக்கு ஆயுள் தடை. ஆஸ்திரிய விளையாட்டுக்குக் கடும் சேதம் விளைவித்ததும், ஒலிம்பிக் உணர்வை அவமதித்ததும் குற்றம் என்றார்கள். பட்டங்கள் பறிபோயின, சாதனைப் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது.

கொஞ்ச நேரம் இந்தக் குற்றச்சாட்டிலேயே நிற்க வேண்டும். தேர்வானவர் வந்தே ஆக வேண்டும் என்பது வாதம். சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும் அதற்கான தண்டனை இனி அணியில் எடுக்காமல் விடுவதுதான். 1935-ல் நீந்தி எடுத்த நேரத்தை 1936-ல் அழிப்பதற்கும் அதற்கும் என்ன தொடர்பு? ஸ்டாப்வாட்ச் காட்டிய நேரம் நடந்து முடிந்த ஒன்று. நடுவர்கள் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். அதை நீக்குவது ஒழுங்கு நடவடிக்கை ஆகாது, பதிவேட்டைப் பொய்யாக்குவது. அணியில் வராமைக்குத் தண்டனை என்றால் அதுவரை போதும். பழைய சாதனைகளையும் அழித்ததிலிருந்து தெரிவது, அவர்கள் கோபம் எழுதிக் கொடுத்த காரணத்தின் மேல் என்பதுதான். இது எழுதுபவரின் முடிவு. மாற்றுக் கருத்துக்கு இடமுண்டு.

‘கடும் சேதம்’ என்ற பேச்சையும் பார்த்துவிடலாம். ஆஸ்திரியா பெர்லினிலிருந்து 4 தங்கம், 6 வெள்ளி, 3 வெண்கலத்தோடு திரும்பியது. சின்ன நாட்டுக்கு நல்ல அறுவடை. நான்கு தங்கத்தில் ஒன்றில் ஒரு யூதரின் கை இருந்தது.

முறையிட இடமும் இல்லை. சம்மேளனத்தின் தீர்ப்பைச் சோதிக்க வெளியே சுயேச்சையான தீர்ப்பாயம் எதுவும் கிடையாது. விளையாட்டுக்கான நடுவர் தீர்ப்பாயம் என்று ஒன்று உருவானது 1984-ல்தான்.

தொடர்ந்து நடந்தவை

ஜூலை 29-ல் கிரேக்கத்தின் ஒலிம்பியாவிலிருந்து பெர்லினுக்குப் போகும் தீபம் வியன்னாவின் ஹெல்டன்பிளாட்ஸ் சதுக்கத்துக்கு வந்தது. வரவேற்பு விழாவில் தடை செய்யப்பட்ட நாஜிக் கட்சியின் ஆட்கள் கூட்டமாகக் கூச்சலிட்டு அதைத் தங்கள் ஆர்ப்பாட்டமாக மாற்றினார்கள். ஒலிம்பிக் உணர்வை அவமதித்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் மூன்று இளம்பெண்கள்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

முதல் வீராங்கனை 1936-லேயே குடும்பத்தோடு பாலஸ்தீனத்துக்குப் போய்விட்டார். தடை பெரிய வலி. ஆனால் அதுவே அவரை ஆஸ்திரியாவிலிருந்து சரியான நேரத்தில் வெளியேற வைத்தது என்றும் பார்க்கலாம். வியன்னாவில் நீந்த வழியில்லாத ஒரு வீராங்கனைக்குத் தங்கியிருக்கக் காரணம் குறைவு. புது நாட்டில் மறுபடி சாம்பியன் ஆனார். 1939-ல் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் சார்பில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்குப் போய் வெள்ளி வென்றார்.

பதினைந்து வயதுப் பெண் அவ்வளவு சீக்கிரம் கிளம்பவில்லை. 1938 மார்ச்சில் ஜெர்மன் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. ஹக்கோவாவை உடனே கலைத்து, சொத்துகளைப் பறிமுதல் செய்தார்கள். அந்தப் பெண் தலைமுடியைப் பொன்னிறமாகச் சாயம் பூசிக்கொண்டார், போலி ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்றை வாங்கினார், இத்தாலிக்குத் தப்பினார், அங்கிருந்து இங்கிலாந்து சேர்ந்தார். ஒருவர் தன்னையே மறைத்துக்கொள்ளும் கட்டத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் வந்துவிட்டது நிலைமை. 1936-ல் எழுதிக் கொடுத்தது எவ்வளவு வெளிச்சத்தில் நடந்த காரியம் என்பது இந்த இடத்தில்தான் உறைக்கிறது. மூன்றாமவர் சுற்றி வந்து ஆஸ்திரேலியாவில் குடியேறினார்.

கழகத்தின் நீச்சல் பிரிவினர் பலர் தப்பிக்க ஒருவருக்கொருவர் உதவினார்கள். பிரிவை நடத்தி வந்த வழக்கறிஞர் வாலன்டின் ரோசன்ஃபெல்ட் லண்டன் சேர்ந்த பிறகு, உலகம் முழுக்கச் சிதறிய உறுப்பினர்களை மடல்கள் மூலம் இணைத்தார். யார் எங்கே, எந்த நாட்டில் என்ன வேலை என்று எழுதி அனுப்புவார். எல்லோரும் தப்பவில்லை. கழகத்தை நிறுவியவர்களில் ஒருவரான லோனர்-பேடா ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாமில் 1942 டிசம்பரில் உயிரிழந்தார். முன்னாள் சம்மேளனத் தலைவர் ஹெர்ஷ்மனும் 1942-ல் வியன்னாவிலிருந்து கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆஸ்திரிய யூதர்களில் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 65,000 பேர்.

பட்டம் திரும்பியது

போர் முடிந்ததும் நாஜிகள் செய்த அழிப்புகள் தானாக நேராகியிருக்க வேண்டும் என்று ஒருவர் நினைக்கலாம். ஆனால் இந்த அழிப்பை நாஜிகள் செய்யவில்லை. சுதந்திர ஆஸ்திரியாவின் சம்மேளனம் 1936-ல் செய்தது. ‘ஹிட்லருக்கு முதலில் பலியான நாடு நாங்கள்’ என்று போருக்குப் பிறகு தன்னைச் சொல்லிக்கொண்ட ஆஸ்திரியாவுக்கு இந்தத் தேதி வசதியானதல்ல. தவறு அந்நியருடையது என்றால் திருத்துவது எளிது. சொந்தச் சம்மேளனத்தின் கையெழுத்து என்றால் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஓடின.

1995-ல் சம்மேளனம் பட்டங்களைத் திருப்பித் தந்து மன்னிப்புக் கேட்டது. முதல் வீராங்கனை அதற்காக வியன்னாவுக்குப் போகவில்லை. ஆஸ்திரியர்கள்தான் இஸ்ரேலுக்குப் போய் அவரைச் சந்தித்தார்கள். அவருக்கு அப்போது வயது எழுபத்தேழை நெருங்கியிருந்தது. இங்கிலாந்தில் இருந்தவருக்கும் மன்னிப்புக் கடிதம் போனது. முதலாமவர் 2004-ல் இறந்தார். ஹக்கோவாவும் பிழைத்தது: போர் முடிந்ததும் மீண்டும் தொடங்கி, இழப்பீடாகக் கிடைத்த நிலத்தில் 2008-ல் புது விளையாட்டு மையம் திறந்தது.

இன்று நடந்தால் எதை மாற்றலாம்

முதலாவது, மறுப்பையும் தண்டனையையும் தனித்தனியாக வைக்க வேண்டும். மனசாட்சியின் பேரில் ஒருவர் போட்டிக்கு வரவில்லை என்றால் அணியில் எடுக்காமல் விடுவது வரைக்கும் சம்மேளனத்துக்கு அதிகாரம் இருக்கலாம். பழைய நேரங்களிலும் பட்டங்களிலும் கை வைக்க அதிகாரம் கூடாது. ஊக்கமருந்து போல அந்தப் போட்டியிலேயே செய்த மோசடிக்கு மட்டுமே அப்படித் திரும்பிப் போய் நீக்கலாம்.

இரண்டாவது, வயது. பதினைந்து, பதினேழு வயதுக்காரர்களிடம் இந்த முடிவை ஒற்றையாக விட்டது கழகத்தின் பக்கத்திலும் ஒரு குறை. பெரியவர்களின் அமைப்பு வேண்டுகோள் விடுத்தது, விலையை இளம்பெண்கள் கொடுத்தார்கள். கழகம் தன் பெயரிலேயே ஒரு கடிதம் எழுதி, எங்கள் உறுப்பினர் எவரையும் அனுப்ப மாட்டோம் என்று சொல்லியிருந்தால் தண்டனை முதலில் கழகத்தின் மேல் விழுந்திருக்கும். இது பின்புத்தி என்பது தெரியும். ஆனால் அடுத்தவர்களுக்குப் பயன்படும் பின்புத்தி. புறக்கணிப்பை அறிவிக்கும் எந்த அமைப்பும், அதைச் செய்யப்போகும் வீரர்களுக்குச் சட்ட உதவியும் அடுத்த பருவத்துக்கு ஓர் இடமும் முன்கூட்டியே தேடி வைக்க வேண்டும்.

மூன்றாவது திருத்தத்தைப் பற்றியது. பாதிக்கப்பட்டவர் உயிரோடு இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்பதைச் சம்மேளனம்தான் தேடிப் போக வேண்டும். அவர் விண்ணப்பிக்கட்டும், வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று காத்திருப்பது இன்னொரு அவமதிப்பு. திருத்திய பட்டியலில் பழைய எண்களை வெறுமனே சேர்த்தால் போதாது. ‘1936-ல் நீக்கப்பட்டது, 1995-ல் சேர்க்கப்பட்டது’ என்ற குறிப்பு அருகில் இருக்க வேண்டும், காரணத்தோடு. சுத்தமாகத் தெரியும் பட்டியலைப் பார்த்து, இங்கே எதுவும் நடக்கவில்லை என்று எண்ணிவிடுவது அடுத்த தலைமுறைக்கு மிகச் சுலபம்.